கண்ணில் விழுந்த வட்டம்

வீடியோ எடுக்க உதவும் ரிங் லைட் என்கிற வட்ட விளக்கைத் துணிப்பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு அவன் அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றபோது மழை தூறிக்கொண்டிருந்தது. பழைய மாடி வீடு. கீழே மாமாவின் மெத்தைக் கடை, மேலே குடித்தனம். கதவைத் திறந்ததும் பஞ்சு வாசனை மூக்கில் ஏறியது. ஈரம் பட்டு மூட்டையிலேயே கிடந்து புழுங்கிய பஞ்சு. சுவரில், மின்விசிறியில், படிக்கட்டின் ஓரங்களில் எல்லாம் அது வெள்ளையாகப் படிந்திருந்தது. மேலேயிருந்து இருமல் கேட்டது. இருமல் ஓய்ந்த பிறகு, இழுத்து இழுத்து மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. அது அக்கா.

அவனை வீட்டில் ரீச் என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த வேலையிலும் நிலைக்காமல் சுற்றிவிட்டு, கடைசியில் சோஷியல் மீடியா மார்க்கெட்டிங் என்று ஓர் ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தான். அன்றிலிருந்து வாயைத் திறந்தால் ரீச், ரீச். யாராவது தலைவலி என்றால்கூட "அதை வீடியோவா போட்டா நல்லா ரீச் ஆகும்" என்பான். அரைகுறை வைத்தியனுக்கு முதல் நோயாளி சொந்தக்காரன்தானே. மாமாவின் கடைக்கு ஆள் வருவது ஏறக்குறைய நின்று போயிருந்ததால் அவரும் இவனை நம்பினார்.

"ஆரம்பத்துல எல்லா இடத்துலயும் கடை விரிக்கக் கூடாது மாமா. ஒரே பேஜ். தினம் சாயங்காலம் ஒரே நேரத்துல லைவ். முக்கியமா, ஒரே முகம். ஜனங்க மெத்தையைப் பார்க்க வரமாட்டாங்க. முகத்தைப் பார்க்கத்தான் வருவாங்க."

"என் மூஞ்சியைப் பார்க்க உங்க அக்காவே வரமாட்டா மாப்ளே."

அது உண்மைதான். மாமா மெத்தையைத் தட்டித் தட்டிப் பேசினார். பார்த்தவர்கள் கைவிரல் எண்ணிக்கைக்குள் அடங்கினார்கள், அதிலும் பாதிப் பேர் குறை கண்டுபிடிக்க வந்த உறவுக்காரர்கள். ரீச் சலிக்கவில்லை. வகுப்பில் சொன்ன இரண்டு விஷயங்களை அவன் மந்திரம் மாதிரி மனப்பாடம் செய்து வைத்திருந்தான். கண்ணுக்குள் ரிங் லைட்டின் வட்டம் விழுந்தால் முகத்துக்கு உயிர் வரும். லைவ் ஓடும்போது பார்ப்பவர்களின் எண் ஏற ஆரம்பித்தால், எதற்காகவும் நிறுத்தக் கூடாது.

ஒரு சாயங்காலம் லைவ் ஓடிக்கொண்டிருக்கையில் அக்கா மாத்திரை தேடிக் கீழே இறங்கி வந்தாள். மாமாவுக்குப் பின்னால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று இருமினாள். இருமி இருமி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

எண் ஏறியது.

பின்னாடி இருக்கற அக்காவுக்கு என்னாச்சு என்று கமெண்ட் வந்தது. அடுத்தடுத்து வந்துகொண்டே இருந்தது. ரீச் மாமாவைப் பார்த்தான். மாமா ரீச்சைப் பார்த்தார். இருவரில் ஒருவராவது அக்காவைப் பார்த்திருக்கலாம்.

மறுநாள் அக்காவின் நாற்காலியைக் கீழே இறக்கி லைட்டுக்கு எதிரே போட்டார்கள். பிறந்த நாள் முதலே அவள் தூக்கி வளர்த்த தம்பி, வட்டத்தின் நடுவே போனைப் பொருத்திவிட்டுப் பின்னால் நின்றுகொண்டான்.

"என்னை எடுக்காதடா. இந்தக் கோலத்துல யாரும் என்னைப் பார்க்க வேணாம். லைட்டு வேற கண்ணைக் குத்துது."

"நீ பேசவே வேணாம்க்கா. சும்மா உட்காரு. மூச்சுத் திணறல் உள்ளவங்களுக்குன்னு ஸ்பெஷல் மெத்தை விடறோம்."

மெத்தைக்குள் இருந்தது அதே புழுங்கிய பஞ்சு. அவள் நுரையீரலை அரித்த அதே தூசி. மாமா உறையை மட்டும் நீல நிறத்துக்கு மாற்றியிருந்தார்.

விற்றது. நன்றாகவே விற்றது. அக்கா எவ்வளவு இளைத்தாளோ அவ்வளவு ஆர்டர் வந்தது. நல்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகலாம் என்று பேச்சு எழுந்தபோது, சீசன் முடியட்டும் என்றார் மாமா.

அந்தக் கடைசி சாயங்காலம் பஞ்சு அடிக்கும் மெஷின் அப்போதுதான் ஓய்ந்திருந்தது. லைட்டின் வெளிச்சத்தில் இழைகள் மெதுவாக மிதந்தன. லைவ் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அக்காவின் உதடு கறுத்தது. நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்தாள்.

"மூச்சு விட முடியலடா. ஆம்புலன்ஸைக் கூப்பிடு."

ரீச் திரையைப் பார்த்தான். அவன் வாழ்நாளில் பார்த்திராத எண் அது.

"ஒரு நிமிஷம்க்கா. ஏறிட்டிருக்கு."

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகும் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் மூடாமலே உயிர் போனதை முதலில் சொன்னது யாரோ ஒரு கமெண்ட்.

வீடியோவைப் பிறகு போட்டுப் பார்த்தான் ரீச். முகத்தைப் பெரிதாக்கினான். இரண்டு கண்ணிலும் பளிச்சென்று வெள்ளை வட்டம். வட்டத்தின் நடுவே, போனுக்குப் பின்னால் குனிந்து நிற்கும் அவனே குட்டியாகத் தெரிந்தான். லைட் சரியாகத்தான் விழுந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். அப்படித்தான் நினைத்தான், நான் கூட்டிச் சொல்லவில்லை.

அழுது முடித்த கையோடு மாமா, நினைவுத் தள்ளுபடி என்று அறிவித்தார். "போறப்பவும் நமக்கு வழி காட்டிட்டுப் போயிருக்கா மாப்ளே." கல்யாணத்துக்கு முன்பு பகல் வெளிச்சத்தில் எடுத்த அக்காவின் போட்டோவைச் சட்டம் போட்டு, லைவில் தெரிகிற மாதிரி பின்சுவரில் மாட்டினார்கள்.

முதல் நாளே ஒரு கமெண்ட் வந்தது. போட்டோவில் இருப்பவர் கண்ணில் வட்டம் தெரிகிறதே என்று.

லைவ் முடிந்ததும் ரீச் லைட்டை அணைத்தான். சட்டத்தின் கண்ணாடியைக் கழற்றினான். போட்டோவை ஜன்னலருகே கொண்டுபோய்ப் பார்த்தான்.

வட்டம் இருந்தது.

நடுவே ஒரு கறுப்புப் புள்ளி. குனிந்து நிற்கும் ஆள்.

"மாமா, பழைய போட்டோல இது இல்ல. எனக்கு நல்லாத் தெரியும். எடுத்துடலாம்."

"இருந்துட்டுப் போகட்டும். ஜனம் அதைத்தானே பார்க்குது." மாமா குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ராத்திரி அவ நாற்காலி நகர்ற சத்தம் எனக்கும்தான் கேக்குது. காதுல வாங்கினா பொழப்பு நடக்குமா?"

மறுநாள் சாயங்காலம் மாமா நீல மெத்தையைத் தட்டிப் பேசிக்கொண்டிருந்தார். பேச்சுக்கு நடுவே தொண்டையைச் செருமினார். மறுபடி செருமினார். விரலை வாய்க்குள் விட்டு ஒரு பஞ்சிழையை எடுத்துக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். "தொழில் அப்படிங்க."

மறுபடி விரலை விட்டார்.

இந்த முறை இழை அறுபடவில்லை.

இழுத்தார். இரண்டு கையாலும் இழுத்தார். ஈரமான, பழுப்பேறிய, மூட்டை வாசனை அடிக்கும் பஞ்சு சட்டையில் குவிந்தது, மடியில் குவிந்தது, வந்துகொண்டே இருந்தது. மேஜிக்கா என்று யாரோ கேட்டார்கள். சிரிப்புப் பொம்மைகளும் இதயங்களும் திரையில் கீழிருந்து மேலே மிதந்து போயின.

"ஆம்..." என்றார் மாமா. "ஆம்புல..."

ரீச்சின் விரல், லைவை நிறுத்தும் பொத்தானின் மேல்தான் இருந்தது. அவன் கையை யாரும் பிடிக்கவில்லை.

காதருகே மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. இழுத்து இழுத்து வரும் அந்த மூச்சு. கன்னத்தில் சில்லென்று பட்டது.

"ஒரு நிமிஷம்டா. ஏறிட்டிருக்கு."

அவன் விரலை எடுத்துவிட்டான்.

மாரடைப்பு என்று எழுதினார் டாக்டர். அவ்வளவு பேர் பார்த்திருந்தும், மாமாவின் சட்டையிலோ தொண்டையிலோ பஞ்சு ஓரிழைகூட இல்லை. ரீச் போட்டோவைக் கவிழ்த்து வைத்து, கடையை இழுத்துப் பூட்டினான். ரிங் லைட்டை மட்டும் எடுத்துக்கொண்டான். பாவம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த லைவைப் பார்த்த எத்தனையோ பேர் எங்களுக்கும் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டார்கள், அவனும் புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு வகுப்பு எடுக்கப் புறப்பட்டுவிட்டான்.

முதலில் கூப்பிட்டவர் ஒரு கேக் கடைக்காரம்மா. நல்ல வெயில் நேரம். கண்ணாடிக் கதவு, பளபளக்கும் மேஜை, வெண்ணெய் வாசனை. பஞ்சுக்கும் அந்த இடத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. பயம் எல்லாம் அந்தப் பழைய வீட்டோடு போயிற்று என்று அவனுக்கு நிம்மதியாக இருந்தது.

"நான் உட்கார்ந்து காட்டறேன்மா, நீங்க எடுத்துப் பழகுங்க. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. எண் ஏறும்போது எதுக்காகவும் நிறுத்தக் கூடாது."

"சரிங்க தம்பி." அந்த அம்மா சொன்னதைச் சொன்னபடி செய்பவர். போனை வட்டத்தின் நடுவே பொருத்தி லைவைத் தொடங்கினார். திரையில் அவன் முகத்தைப் பார்த்தவர் கொஞ்சம் முன்னால் குனிந்தார்.

"லைட்டைப் போட்டுட்டீங்களா தம்பி?"

"இல்லம்மா. பிளக் இன்னும் சொருகல."

"உங்க கண்ணுல வட்டமா தெரியுதே. நடுவுல யாரோ போனைப் பிடிச்சிட்டு உங்களை எடுக்கற மாதிரி இருக்கு." அவர் குரல் இறங்கியது. "நான் இல்ல தம்பி. நான் நின்னுட்டிருக்கேன். அந்தப் பொம்பளை நாற்காலில உட்கார்ந்திருக்காங்க. தோள் ஏறி ஏறி இறங்குது."

ரீச் பதில் சொல்ல வாயைத் திறந்தான். தொண்டையில் ஏதோ உரசியது. இருமினான். மேஜை மேல் வெள்ளையாக ஓரிழை வந்து விழுந்தது.

அதன் மறுமுனை அவன் வாய்க்குள் இருந்தது.

"நிறுத்துங்கம்மா," என்றான். "ஆம்புலன்ஸ்..."

கேக் கடைக்காரம்மா பயந்துபோய்ப் பொத்தானை நோக்கிக் கையை நீட்டினார். பார்வை திரையின் ஓரத்தில் இருந்த எண் மேல் பட்டது. நீட்டிய கை அப்படியே நின்றது. முகம் மெல்ல மலர்ந்தது. அதுவரை அவனை வாங்க, போங்க என்று மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்தவர், இழுத்து ஒரு மூச்சு விட்டுக்கொண்டார்.

"ஒரு நிமிஷம்டா," என்றார். "ஏறிட்டிருக்கு."