மானிட்டர் மேல் வைத்த தாள்

"நாளைக்கு விசாரணை. பழி என் மேலதான் விழும்," என்றாள் வரைபடக்காரி. மூன்று நாளாகச் சோறு தண்ணி இறங்காத முகம். அவள் அனுப்பிய படத்தின்படி கட்டிய மாடிப்படி இடிந்து, கொத்தனார் ஒருவர் கண் திறக்காமல் மருத்துவமனையில் கிடந்தார். அவர் மனைவி இவள் கையைப் பிடித்து, "ஏம்மா இப்படிப் பண்ணினே?" என்று கேட்டதிலிருந்து இவள் நடைப்பிணம்.

துப்பறியும் அம்மாள் இன்ஜினீயரின் வாக்குமூலத்தை வாசித்தார். 'கம்பியைக் கூட்டச் சொல்லும் திருத்தத் தாளை வியாழன் மாலை வரைபடக்காரியின் மேஜையில், வழக்கம்போல் மானிட்டர் மேல் விரித்து, பறக்காமலிருக்க ஸ்டேப்ளரையும் வைத்தேன்.'

"அப்படி ஒரு தாளே வரலம்மா!"

"அந்த ஆள் புளுகுறான் அண்ணி! முகத்தைப் பாத்தாலே தெரியும்," என்று துள்ளினார் அம்மாளின் கொழுந்தனார். டிவி ரிப்பேர் கடையை அப்படியே போட்டுவிட்டு வந்திருந்தார்.

"முகத்தை விடுங்க தம்பி. மேஜையைப் பாப்போம்."

அலுவலகத்தில் வரைபடக்காரியின் மேஜையில் மெல்லிய திரை ஒற்றைக் காலில் நின்றது. பின்னால், டிவிப்பெட்டி போன்ற பழைய மானிட்டர் அடைத்திருந்த இடம் மட்டும் நிறம் வெளுக்காமல் இருந்தது.

"இது எப்ப வந்துச்சு?"

"புதன்கிழமை காலைல. பழசையெல்லாம் அன்னிக்கே வண்டியில ஏத்திட்டாங்க."

"இன்ஜினீயர்?"

"அந்த வாரம் முழுக்க சைட்லதான். வியாழன் சாயங்காலம் மட்டும் வந்தேன்னு சொல்றார். அதுக்கப்புறமும் இந்தப் பக்கம் வரல."

"சரி, நாளைக்குப் பாப்போம்," என்று அம்மாள் கிளம்பிவிட்டார். வரைபடக்காரிக்கு இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போய்விட்டது.

மறுநாள் மேனேஜர் அறையில் அம்மாள் இன்ஜினீயரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "ஸ்டேப்ளரை வச்சது நிச்சயமா?"

"சத்தியமா. மானிட்டர் மேல, நட்ட நடுவுல."

"வாங்க, வச்சுக் காட்டுங்க."

நால்வரும் பின்தொடர, ஸ்டேப்ளரோடு மேஜையருகே போன இன்ஜினீயரின் கை அந்தரத்தில் நின்றது. திரையின் விளிம்பு விரற்கடை அகலம்கூட இல்லை.

"வியாழக்கிழமை இந்த ரூம்ல கால் வச்சிருந்தா, மானிட்டர் மாறினது தெரிஞ்சிருக்கும்," என்றார் அம்மாள். "பழைய பழக்கத்துல எழுதிட்டீங்க."

இன்ஜினீயர் நாற்காலியில் சரிந்தார். "குடுக்க மறந்துட்டேன்... தாள் இன்னும் என் பையிலதான் இருக்கு."

மேனேஜர் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். வரைபடக்காரி அங்கே நிற்கவில்லை.

மருத்துவமனை வராந்தாவில் கொத்தனாரின் மனைவி தலை நிமிர்ந்து பார்த்தாள். 'நான் இல்லை' என்று சொல்லத்தான் இவள் ஓடி வந்தாள். வாயில் வந்ததோ வேறு.

"கண்ணு முழிச்சாராக்கா?"

"இன்னும் இல்லம்மா," என்றவள், கொஞ்சம் நகர்ந்து பெஞ்சில் இடம் விட்டாள்.