பின்னறை இணைப்பு

கூடத்துப் போன் முழுசாக அடிக்கவில்லை. "டிங்" என்று ஒரே ஒரு முறை சிணுங்கிவிட்டு அடங்கியது. அதே நொடியில் மோடத்தின் பச்சை விளக்கு அணைந்தது. கணினித் திரையில் பேசிக்கொண்டிருந்த மேலாளரின் முகம் வாயைத் திறந்தபடி உறைந்து நின்றது.

அந்த வீட்டில் மணி அப்படிச் சிணுங்குவதற்கு ஒரே காரணம்தான் உண்டு. அதே லைனில் பின்னறையில் இருக்கும் இன்னொரு ரிசீவரை யாராவது கையில் எடுக்க வேண்டும். பின்னறையில் இப்போது யார் இருக்கிறார்கள்? மாமியார் போன குளிர்காலத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அன்றைக்கு அந்த அறையைப் பூட்டிச் சாவியைச் சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் போட்டவள்தான் ஷமிசோ, கூட்டிப் பெருக்கக்கூட அதைத் திறந்ததில்லை.

மழையால் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எல்லையோர மலை ஊரான முட்டாரேயில் அப்போதுதான் மழைக்காலம் தொடங்கியிருந்தது. மலையிலிருந்து இறங்கிய மூடுபனி ஜன்னல் கண்ணாடியில் ஈரத்துணி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது, கூரைத் தகரத்தில் தூறல் விடாமல் சோளம் புடைக்கிற சத்தம் போட்டது, மண்ணிலிருந்து கிளம்பிய ஈசல்கள் விளக்கில் மோதிச் சிறகுதிர்ந்து, சிவப்பு மெழுகு போட்டுத் தேய்த்த தரையில் ஊர்ந்துகொண்டிருந்தன, அந்த மெழுகு வாடைக்கு அடியில் எங்கிருந்தோ லேசாகக் கற்பூரத் தைலத்தின் வாடை வந்துகொண்டிருந்தது. கற்பூரத் தைலம் பூசிக்கொள்கிற ஆள் இப்போது அந்த வீட்டில் கிடையாது.

இந்த வாரம் முழுக்க இதே கூத்துதான். ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் ஒரு பயண நிறுவனத்துக்கு, வீட்டிலிருந்தபடியே ஓட்டல் அறை பதிவு செய்து கொடுப்பது அவள் வேலை. "இன்னொரு தடவை பாதிப் பேச்சுல காணாமப் போனா, அப்படியே போயிடு" என்று மேலாளர் நேற்றுதான் சிரிக்காமல் சொல்லியிருந்தார். கணவன் சிம்பராஷே லாரி ஓட்டுநர். பெய்ராத் துறைமுகத்திலிருந்து வருகிறான். எல்லையில் வரிசையில் நிற்கிறேன், இருட்டுவதற்குள் வீட்டில் இருப்பேன் என்று மத்தியானமே செய்தி அனுப்பியிருந்தான். அவன் வந்து, நெட்டுக்கு என்ன கேடு என்று வயரைப் பிடித்துக்கொண்டே பின்னறைவரை போய்விட்டால்? வேலை போனால் வேறு வேலை தேடலாம். பின்னறைச் சுவரை அவன் பார்த்துவிட்டால் எந்த முகத்தோடு அவன்முன் நிற்பது?

செல்போனில் மழைக்குச் சிக்னல் செத்துக் கிடந்தது. கூடத்துப் போனை எடுத்து நெட் கம்பெனியின் உதவி எண்ணை அழுத்தினாள்.

"வணக்கம், டிரைமோர் பேசுறேன். இன்னும் ஒரு தடவை முயற்சி பண்ணுடான்னு எங்கப்பா வச்ச பேரு. இங்க வந்து பாத்தா வேலையும் அதேதான். சொல்லுங்கக்கா, என்ன பண்ணுது?"

"அறுந்து அறுந்து போகுது தம்பி. சாயங்காலமானா போதும், ஆரம்பிச்சிடுது."

"மோடத்தை அணைச்சுப் போட்டீங்களா?"

"கை ஓயுற அளவுக்குப் போட்டாச்சு."

"எனக்காக இன்னொரு வாட்டி. கோவிச்சுக்காதீங்க, இதைக் கேக்காம விட்டா எங்க மேடம் என்னை வறுத்துத் தின்னுடுவாங்க."

அணைத்துப் போட்டாள். விளக்கு பச்சையாகத் துடித்தது, சிவந்தது, அணைந்தது. மறுமுனையில் அவன் எதையோ தட்டிப் பார்க்கும் சத்தமும், யாரோ அவனை டீ குடிக்கக் கூப்பிடும் சத்தமும் கேட்டன. அந்தச் சத்தங்கள் அவளுக்குத் தெம்பாக இருந்தன.

"இப்ப மோடத்தோட வயரை மட்டும் கழட்டிட்டு, பேசாம லைனைக் கேளுங்க. மழைத்தண்ணி பெட்டில எறங்கியிருந்தா கரகரன்னு இருக்கும்."

கேட்டாள். கரகரப்பு இல்லை. அகலமான, ஈரமான ஒரு இரைச்சல். அதற்குள்ளே, ரிசீவரை ஒரு காதிலிருந்து மறு காதுக்கு மாற்றிக்கொள்வது போல ஏதோ உரசியது.

"தண்ணி இல்லக்கா," என்றான் டிரைமோர். "வீட்ல எத்தனை போன் இருக்கு?"

"ஒண்ணுதான்."

"ரெண்டாவது ரிசீவரை யாரோ எடுத்து வச்சிருக்கிற மாதிரி இங்க காட்டுதே. அதுதான் நெட்டை முழுங்குது. உள்ரூம்ல எங்கயாச்சும் இருக்கா?"

"இல்ல தம்பி. ஒண்ணே ஒண்ணுதான்."

முகம் தெரியாத ஒரு பையனிடம் பொய் சொன்னதற்கே காது மடல் சுட்டது.

பின்னறையில் போன் இருந்தது. நெட் வந்த புதிதில், பேச்சையும் இணையத்தையும் பிரித்துவிடும் குட்டிப் பெட்டி ஒன்றைக் கம்பெனிக்காரர்கள் கூடத்துப் போனுக்குப் போட்டார்கள். பின்னறைக்கும் ஒன்று தருகிறோம் என்றார்கள், தரவில்லை. மாமியார் ரிசீவரை எடுத்தால் போதும், "டிங்", நெட் போய்விடும். மூட்டுவலியில் நடமாட்டம் குறைந்து, அந்தப் போனே உலகம் என்று கிடந்தவர் அவர். தங்கையோடு, சபைப் பெண்களோடு, சாலையில் இருக்கும் மகனோடு பேசித் தீராது. ஒரு நாள் அவர் குளிக்கப் போன நேரத்தில் ஷமிசோ பீரோவுக்குப் பின்னால் கையை விட்டு, சுவர்ப் பெட்டியிலிருந்து வயரைப் பிடுங்கிவிட்டாள். மேசைமேல் போன் இருந்த இடத்தில் அப்படியே இருந்தது. "கம்பெனிக்காரங்க சரி பண்ணிட்டிருக்காங்க அத்தை, நாளைக்கு வந்துடும்" என்றாள். அந்த நாளைக்கு வரவே இல்லை. மாமியார் தினமும் சாயங்காலம் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்து, "ஹலோ?" என்பார். கொஞ்சம் பொறுத்து மறுபடியும், "ஹலோ?" மகன் ஷமிசோவின் செல்லுக்குக் கூப்பிட்டு அம்மாவைக் கேட்டால், தூங்குகிறார் என்பாள். நினைத்தால் இப்போதும் நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

"ஆங், சொல்லுங்க பெரியம்மா," என்றான் டிரைமோர்.

"யார்கிட்ட பேசுற தம்பி?"

"இருங்கக்கா, உங்க வீட்ல உள்ளேர்ந்து எடுத்திருக்காங்கல்ல, அவங்கதான் பேசுறாங்க. நல்லாருக்கேன் பெரியம்மா. நானா? சிங்கக் குலம். அட, நீங்களுமா! அப்போ நான் உங்களுக்குத் தம்பி முறை!" அவன் வாய்விட்டுச் சிரித்தான்.

ஷமிசோவின் காதில் இரைச்சல் மட்டுமே இருந்தது.

குலம் கேட்காமல் மாமியார் யாரோடும் இரண்டாவது வார்த்தை பேசியதில்லை. தப்பு நம்பரில் வந்தவனைக்கூட விடமாட்டார். ஊருக்கே அது தெரியும். அந்த ஊர் வழக்கப்படி, துக்க வீட்டில் செத்தவரைப் போல நடித்துக் காட்டி, அழுகிறவர்களைச் சிரிக்க வைப்பது மருமகள்களின் கடமை. மாமியாரின் துக்கத்தில் ஓரகத்திகள் அவருடைய தலைத்துணியை ஷமிசோவின் தலையில் கட்டி நடுவில் தள்ளிவிட்டபோது, அவள் கைக்கு அகப்பட்டது ஒரு செருப்பு. அதைக் காதில் வைத்துக்கொண்டு, "ஹலோ? யாரு? உன் குலம் என்ன? ஹலோ? போயிட்டியா?" என்றாள். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சிம்பராஷே சிரித்துச் சிரித்து, கடைசியில் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதான். அவள் உள்ளுக்குள் கூனிக் குறுகிப்போனது யாருக்கும் தெரியவில்லை. நல்ல மருமகள் என்று அன்றைக்கு எல்லோரும் அவளைப் புகழ்ந்தார்கள்.

"அக்கா." டிரைமோரின் குரலில் இப்போது சிரிப்பு இல்லை. "அவங்க விழுந்து கெடக்குறாங்களாம். கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவுல. எந்திரிக்க முடியலயாம். ரொம்ப நேரமா கூப்பிட்டுப் பாத்தாங்களாம், உங்களுக்குக் கேக்கலயாம்."

"தம்பி, அங்க யாரும் இல்ல."

இரைச்சல்.

"அப்படித்தான் சொல்லுவீங்கன்னு சொல்றாங்க." அவன் குரல் தடித்தது. "என்னக்கா இது? வயசானவங்க கீழ கெடக்குறாங்க, நீங்க என்கிட்ட நெட்டைப் பத்திப் பேசிட்டிருக்கீங்க. உங்கம்மாவா இருந்தா பாத்துட்டு இருப்பீங்களா? போய்த் தூக்கி விடுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

அவர் இறந்துவிட்டார் என்று சொல்ல வாயைத் திறந்தாள். எப்படி இறந்தார் என்று அடுத்த கேள்வி வருமே. வாயை மூடிக்கொண்டு, ரிசீவரை மேசைமேல் கிடத்தினாள். சிம்பராஷே வருவதற்குள் பார்த்துவிட வேண்டும். அது ஒன்றுதான் புத்தியில் நின்றது.

சர்க்கரை டப்பா. சாவி. நடையில் அவளுடைய ரப்பர்ச் செருப்பு மெழுகுத் தரையில் ஒட்டி ஒட்டிப் பிரிந்தது, கூரையில் தூறல் ஓய்ந்துபோய் ஓடை ஒன்று எங்கோ ஓடுவது மட்டும் கேட்டது, ஒவ்வொரு எட்டுக்கும் கற்பூர வாடை கனத்துக்கொண்டே வந்து தொண்டையில் உட்கார்ந்தது. பூட்டில் சாவி வழுக்கியது. மறுபடி போட்டாள். திரும்பியது.

தைலம். மூக்குப்பொடி. ஈரச் சுவர். சுவிட்சைத் தட்டினாள், விளக்கு எரியவில்லை. நடை வெளிச்சம் கட்டில்வரை மட்டும் போனது.

மேசைமேல் போன் இல்லை.

பீரோவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். அந்த வயர். அவள் பிடுங்கிய வயர். இரண்டு செம்புக் கம்பிகள் காற்றில் நீட்டிக்கொண்டிருந்தன. சுவர்ப் பெட்டிக்கும் அவற்றுக்கும் நடுவே ஒரு சாண். எதையும் தொடவில்லை.

கட்டிலுக்கு அந்தப் பக்கம், தரையிலிருந்து, சின்னதாக ஒரு குரல்.

"பெரியம்மா? மருமக வந்தாங்களா?"

டிரைமோர்.

சுற்றிப் போனாள். போன் கவிழ்ந்து கிடந்தது. ரிசீவரைப் பிடித்தபடி ஒரு கை. முழங்கைவரை வெளிச்சம். அதற்கப்பால் கட்டிலடி இருட்டு. தைலம் மினுங்கும் தோல். முட்டி வீங்கிய விரல்கள். மோதிரம். அந்த மோதிரத்தோடுதான் புதைத்தார்கள்.

வெளியே கேட் சங்கிலி கலகலத்தது.

"ஷமி! ஷமி, வந்துட்டேன்!"

கத்த வேண்டியவள் கத்தவில்லை. பயத்தைவிட வெட்கம் பெரிதாக இருந்தது. அவன் பார்க்கக் கூடாது. மண்டி போட்டாள்.

அன்றைக்கும் இப்படித்தான் மண்டி போட்டாள். சாயங்காலம் கஞ்சியோடு வந்தபோது இதே இடத்தில் இதே கை. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு யார் யாருக்கோ கடலைப் பார்த்த அறை வேண்டுமா என்று அவள் சிரித்துச் சிரித்துக் கேட்டுக்கொண்டிருந்த நேரமெல்லாம், இந்தக் கை செத்த போனில் எண்களை அழுத்திக்கொண்டிருந்தது. அக்கம்பக்கத்தைக் கூப்பிடும் முன்னால் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, ரிசீவரைத் துடைத்து, மேசைமேல் ஒழுங்காக வைத்தாள். "விழுந்த உடனே போயிட்டாங்க. கஷ்டப்படல" என்று மகனிடம் சொன்னாள். அவன் அதைக் கேட்டு அவளுக்கு நன்றி சொன்னான்.

இப்போதும் பிரித்தாள். சுண்டு விரல். வந்தது. மோதிர விரல். வந்தது. நடு விரல்.

பிரித்த விரல்கள் திரும்ப மடங்கின. ரிசீவரின்மேல் அல்ல. அவளுடைய மணிக்கட்டின்மேல்.

இழுத்தாள். வரவில்லை. குளிர்ந்த பிடி. அவசரமே இல்லாத பிடி.

கூடத்தில் காலடி. பையைக் கீழே போடும் சத்தம்.

"யாரு இதை எடுத்துப் போட்டு வச்சது? ஹலோ?"

அந்த ஹலோ கூடத்திலிருந்தும் வந்தது. அவள் முகத்துக்கு நேரே, ரிசீவரிலிருந்தும் வந்தது.

"சார், வீட்டுக்காரரா?" டிரைமோர். "நல்ல வேளை வந்தீங்க. பெரியம்மா லைன்லதான் இருக்காங்க, பேசுங்க."

வைத்துவிடு. வைத்துவிடு, சிம்பா. குரல் வரவில்லை.

இரைச்சல்.

"...அம்மா?"

இரைச்சல் நீண்டது. அவன் கேட்டுக்கொண்டிருந்தான். நடுவில் ஒரு முறை, சின்னப் பிள்ளை மாதிரி, "ம்" என்றான்.

பிறகு கேட்டான்.

"எந்த வயரும்மா?"

கட்டிலடி இருட்டிலிருந்து இன்னொரு கையும் மெல்ல வெளியே வந்து, பீரோவுக்குப் பின்னாலிருந்த சுவரைச் சுட்டிக்காட்டியபடி அப்படியே நின்றது.