உள்ளங்கைச் சோதனை

கத்திரி வெயில் நாற்பத்தாறு பாகையில் கொளுத்திக்கொண்டிருந்தது. கரடி உடுப்புக்குள் இருந்த மதிவதனிக்கோ மார்கழிக் காற்று அடிப்பதுபோல் இருந்தது. அவள் இரண்டு கைகளையும் தூக்கி இடுப்பை ஆட்டினாள். குழந்தைகள் கூச்சலிட்டன.

கனவுக்காடு கேளிக்கைப் பூங்காவில் போன கோடை வரை இது நடக்காத காரியம். செயற்கை ரோமமும் பஞ்சும் சேர்த்து உடுப்பு ஒன்பது கிலோ. உள்ளே உடம்பு வியர்க்கத்தான் செய்யும். ஆனால் வியர்வை ஆவியாகிப் போனால்தான் சூட்டையும் கூடவே எடுத்துக்கொண்டு போகும். உடுப்புக்குள் காற்று ஏற்கெனவே ஈரத்தில் ஊறிக் கிடப்பதால் வியர்வை போக வழியில்லாமல் வழிந்து காலுறையில் தேங்கும். சூடு உடம்பிலேயே தங்கிவிடும். அதனால் பனிக்கட்டிப் பைகள் தைத்த உள்சட்டை போட்டுக்கொண்டு இருபது நிமிஷம் ஆடுவார்கள். பிறகு ஓய்வறையில் மின்விசிறிக்கு முன்னால் மல்லாந்து கிடப்பார்கள்.

இந்த வருஷம் தண்பொட்டு வந்துவிட்டது.

பிடரியில் ஒட்டிக்கொள்ளும் கறுப்பு வில்லை அது. நெற்றிப் பொட்டைவிடச் சற்றுப் பெரியது. தோலில் சூட்டை அறியும் நரம்பு நுனிகள் வேறு, குளிர்ச்சியை அறிபவை வேறு. இரண்டின் செய்தியும் முதுகுத்தண்டு வழியாகத்தான் மூளைக்குப் போயாக வேண்டும். தண்பொட்டு அந்தப் பாதையில் உட்கார்ந்துகொண்டு, சூடு என்று வரும் செய்தியை அமுக்கிவிட்டு, குளிர்ச்சி என்று வருவதைப் பெருக்கி அனுப்பும். வெயில் வெயிலாகவே இருக்கும். மூளைக்கு மட்டும் ஊட்டி.

நிர்வாகம் பனிச்சட்டைகளை விற்றுவிட்டது. ஆட்டம் இரண்டு மணி நேரமாக நீண்டது. வாசலில் நுழைவுச் சீட்டோடு பார்வையாளர்களுக்கும் தண்பொட்டு கொடுத்தார்கள். நரம்பு வளரும் வயது என்பதால் ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு மட்டும் கிடையாது.

உள்சூடு ஏறினால் எப்படித் தெரியும் என்ற கேள்வி எழாமல் இல்லை. கழுத்தில் வெப்பமானி கட்டிப் பார்த்தார்கள். அது உடுப்புக்குள் இருக்கும் காற்றின் சூட்டையும் சேர்த்துக் காட்டி ஓயாமல் அலறியதால் கழற்றிப் போட்டார்கள். ஆட்டக்காரர்களுக்கு அதில் வருத்தமில்லை. அவர்களிடம்தான் பனிச்சட்டைக் காலத்துப் பழக்கம் ஒன்று இருந்ததே. கையுறையின் உள்ளங்கையில் ஒரு கீறல் விட்டுத் தைத்திருப்பார்கள். எதிரெதிரே வரும்போது கைகுலுக்குவதுபோல் உள்ளங்கையோடு உள்ளங்கை வைத்துப் பார்ப்பார்கள். சுட்டால், 'உள்ளே போ' என்று இரண்டு அழுத்து. எத்தனையோ பேரை அது காப்பாற்றியிருக்கிறது.

எதிரே யானை அசைந்து வந்தது. உள்ளே மதிவதனியின் அண்ணன் மாறன். அவன்தான் அவளை இந்த வேலைக்குக் கூட்டி வந்தவன். வீட்டில் அவர்கள் இருவர் மட்டும்தான்.

பிள்ளைகள் முன்னால் வேஷக்காரர்கள் பேசக் கூடாது. கைகள் சேர்ந்ததும் தும்பிக்கைக்குக் கீழிருந்த வலைக்குள்ளிருந்து குரல் மட்டும் கிசுகிசுத்தது.

"ஏய் கரடி, உன் ஆட்டத்தைப் பார்த்தா வயித்து வலின்னு நினைப்பாங்க."

"நீ மட்டும்? பின்னாடி இருந்து பார்த்தா ரெண்டு காலும் சண்டை போட்டுட்டுப் போற மாதிரி இருக்கு."

"சரி சரி. சில்லுன்னுதான் இருக்கே. போய் ஆடு."

"நீயும் ஐஸ் மாதிரி இருக்கண்ணா."

யானை பெரிய மேடைப் பக்கம் போனது.

கொஞ்ச நேரத்தில், மூன்று வயதுப் பையன் ஒருவன் ஓடி வந்து கரடியின் காலைக் கட்டிக்கொண்டான். மதிவதனி குனிந்து கையை நீட்டினாள். அவன் விரல்கள் கையுறைக் கீறலுக்குள் நுழைந்தன. உடனே வெடுக்கென்று பின்வாங்கினான்.

"அம்மா, கரடி சுடுது!"

அவன் அம்மா சிரித்துக்கொண்டே மதிவதனியின் உள்ளங்கையைத் தொட்டுப் பார்த்தாள். "எங்கடா சுடுது? பச்சைத் தண்ணி மாதிரி இருக்கு. சும்மா கதை விடாத."

"சுடுதும்மா!" பையன் உதட்டைப் பிதுக்கினான்.

மதிவதனியும் கரடித் தலைக்குள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. அந்த அம்மாவின் பிடரியில் கறுப்பு வில்லை தெரிந்தது. பையனின் பிடரியில் ஒன்றுமில்லை.

அவள் தேநீர்க் கடைக்கு நடந்தாள்.

"கரடிக்கு டீயா?" என்றார் கடைக்காரர். "தேன்தான் கேக்கும்னு நினைச்சேன்."

அவர் கண்ணாடிக் குவளையை நீட்டினார். அவருடைய உள்ளங்கை முழுவதும் கொப்புளம். கரடித் தலை தன் கையையே பார்ப்பதைக் கண்டு அவர் இளித்தார். "காலைல வடைச்சட்டியைப் பிடிச்சிட்டேன். ஒண்ணுமே தெரியல. கருகற வாசனை வந்தப்புறம்தான் பார்த்தேன்."

குவளையிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. மதிவதனி கையுறையைக் கழற்றி, ஒரு விரலைத் தேநீருக்குள் விட்டாள். ஓடை நீரில் விட்டதுபோல் இருந்தது. வெளியே எடுத்தாள். விரல் செக்கச் செவேலென்று இருந்தது.

தண்பொட்டு வெயிலை மட்டும் மறைக்கவில்லை. எல்லாச் சூட்டையும் மறைக்கிறது. அடுத்தவன் கையின் சூட்டையும். இந்தக் கோடை தொடங்கியதிலிருந்து அவர்கள் ஒருவரை ஒருவர் தொட்டு, 'சில்லுன்னு இருக்க' என்று சொல்லி, வெயிலுக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார்கள். சற்று முன்புதான் அவளும் அண்ணனை அப்படி அனுப்பிவைத்தாள்.

குவளையைப் போட்டுவிட்டு ஓடினாள்.

பெரிய மேடையின் முன்னால் கூட்டம் கைதட்டிக்கொண்டிருந்தது. யானை புதிய ஆட்டம் ஆடியது. ஒரு காலை எடுத்து வைக்கும், மறு கால் பின்னும், சுழன்று விழப்போய் நிமிரும். "செம காமெடிடா!" என்று யாரோ கத்தினார்கள். அண்ணன் குடித்தவன்போல் ஆடி அவள் பார்த்ததேயில்லை. அவள் படியேறுவதற்குள் யானை உட்கார்ந்தது. கைதட்டல் பலத்தது.

பிள்ளைகள் முன்னால் தலையைக் கழற்றினால் வேலை போய்விடும். மதிவதனி தன் தலையைக் கழற்றி வீசினாள். அண்ணனின் தலையையும் பிடுங்கினாள். அவன் முகம் சிவந்து, காய்ந்துபோயிருந்தது. ஒரு சொட்டு வியர்வை இல்லை. உடம்பு வியர்ப்பதையே கைவிட்டிருந்தது.

அவன் சிரித்தான். "குளிருது மதி. போர்வை இருக்கா?"

"யாராவது வாங்க!" என்று அலறினாள்.

முதலுதவியாளர் நீலமேகம் பெட்டியோடு ஓடி வந்து மாறனின் நெற்றியில் கை வைத்தார். அவர் முகம் தெளிந்தது. "ஏம்மா பயப்படற? உடம்பு நல்லா சில்லுன்னுதான் இருக்கு. மயக்கமா இருக்கும்."

"வெப்பமானி வச்சுப் பாருங்க!"

வைத்தார். பார்த்தார். தட்டிவிட்டு மறுபடி வைத்தார். "நாப்பத்தொண்ணரை காட்டுது. இது கெட்டுப்போச்சு போல." மறுபடியும் நெற்றியைத் தொட்டுத் தலையாட்டினார். கருவியைவிட அவருக்குத் தன் கை பெரிதாக இருந்தது.

மாறனின் கண்கள் மேலே செருகின.

மதிவதனி நீலமேகத்தின் பிடரியில் நகத்தை விட்டுத் தண்பொட்டைப் பிய்த்தாள். "ஐயோ!" என்று அவர் துள்ளினார். அவர் வாயைத் திறந்து மூச்சுக்குத் திணறும்போதே, அவர் கையை இழுத்து அண்ணனின் நெற்றியில் அழுத்தினாள். தோசைக் கல்லில் பட்டதுபோல் அவர் கையை உதறினார்.

"கடவுளே! உடுப்பைக் கிழி! குளத்துக்குத் தூக்கு!"

மேடையடியில் நீரூற்றுக் குளம் ஒன்று இருந்தது. இருவரும் மாறனை அதில் இறக்கினார்கள். பழச்சாறு கடையிலிருந்து பனிக்கட்டிக் கூடைகள் வந்தன. நீலமேகம் அள்ளி அள்ளி மாறனின் கழுத்திலும் அக்குளிலும் வைத்தார். கூட்டம் இதுவும் ஆட்டத்தின் பகுதி என்று நினைத்துக் கைதட்டியது. பிறகு கைதட்டல் மெல்ல அடங்கியது.

"நாப்பதுக்கு எறங்கிட்டுது. மூச்சு சீராகுது," என்றார் நீலமேகம். "பொட்டை எடுத்துடும்மா. இல்லன்னா அவனுக்கு என்ன ஆகுதுன்னு அவனுக்கே தெரியாது."

அவள் எடுத்தாள்.

அமுக்கி வைத்திருந்த சூடெல்லாம் ஒரே மூச்சில் மூளைக்குப் பாய, மாறனின் கண்கள் திறந்தன. அவன் கத்திய கத்தலில் பறவைகள் எழும்பிப் பறந்தன. "எரியுது! மதி, எரியுதுடி! ஒட்டு! திரும்ப ஒட்டு!" அவள் கையில் இருந்த வில்லையைப் பிடுங்கப் பார்த்தான். அவள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

அவன் பிழைத்துவிட்டான். எரிகிறது என்று சொல்கிறவன் பிழைத்தவன்தான். அவள் அழுதாள்.

நீலமேகம் அவள் நெற்றியைத் தொட்டதும் கையை வெடுக்கென்று எடுத்தார். "அம்மா, நீயும் கொதிக்கிற."

அவளுக்கு ஜிலுஜிலுவென்று இருந்தது. இவ்வளவு சுகமாக இருக்கும்போது எப்படிப் பிய்ப்பது? விரல் பிடரியில் போய் நின்றது. வாழ்க்கையில் அவள் எதற்கும் இப்படிப் பயந்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டு பிய்த்தாள்.

அடுப்புக்குள் தள்ளியதுபோல் வெயில் அவள்மேல் இறங்கியது. அண்ணன் பக்கத்தில் தண்ணீருக்குள் விழுந்து அவளும் அலறினாள். "எடுங்க! எல்லாரும் பிச்சு எடுங்க! நீங்களும் கொதிக்கிறீங்க!"

குளத்தைச் சுற்றி உச்சி வெயிலில், நிழலே இல்லாத சிமெண்டுத் தரையில், நூற்றுக்கணக்கானவர்கள் நின்றிருந்தார்கள். முகமெல்லாம் சிவந்திருந்தது. பலருக்கு வியர்வை நின்றுபோயிருந்தது. துடித்துக் கதறும் அந்த இருவரையும் அவர்கள் திகிலோடு பார்த்தார்கள். பிறகு ஒருவர் பின் ஒருவராகக் கையைப் பின்னால் கொண்டுபோய், தங்கள் தண்பொட்டு கழன்றுவிடாதபடி நன்றாக அழுத்தி ஒட்டிக்கொண்டார்கள்.