அழவிடாத குரல்

காலையில் பூங்கொடி காபி கலக்கும்போது சமையலறைச் சுவரிலிருந்து கணவர் அன்பரசு சொல்வார்: "சீனியக் குறைச்சுப் போடு. டாக்டர் சொன்னது மறந்துபோச்சா?" அவளும் குறைத்துத்தான் போடுவாள். இத்தனைக்கும் சர்க்கரை வியாதி அவருக்கு, குடிப்பது அவள். அவர் போய்ச் சேர்ந்தது போன மழைக்காலத்தில்.

தூத்துக்குடியில் இப்போது பெரும்பாலான வீடுகள் இப்படித்தான். மனிதர் போனாலும் அவருடைய பேச்சும் நினைவும் 'தொடர்குரல்' என்ற பெயரில் வீட்டில் இருக்கும். தெரிந்தவர்களுக்குப் போன் போட்டும் பேசும். சட்டம் ஒன்றுதான்: தொடர்குரல் உள்ள வீடு துக்க வீடு அல்ல. உடலை மருத்துவமனையே எரித்துவிடும். பந்தல் கிடையாது, துக்கம் விசாரிக்க ஆள் வருவதும் கிடையாது. அம்மா தாங்கமாட்டாள் என்று மகன் கதிரவன்தான் இதற்குச் சம்மதித்தான். நல்ல பிள்ளை, நல்லது என்று நினைத்துத்தான் செய்தான்.

வீட்டில் யார் விசும்பினாலும் தொடர்குரலுக்குக் கேட்டுவிடும். "அழாத பூங்கொடி, நான்தான் இருக்கேனே" என்று அதே குரல், அதே குழைவு. செத்தவரே சமாதானம் சொன்னால் யாரை நினைத்து அழுவது? அவள் விழுங்கிக்கொள்வாள்.

போன வாரம் எதிர்வீட்டு ஸ்டெல்லாவின் அப்பா இறந்தார். ஸ்டெல்லா தொடர்குரல் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். பழைய வழக்கப்படி அவரைக் கூடத்தில் கண்ணாடிப் பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். பூங்கொடி போனாள். ஸ்டெல்லாவைக் கட்டிக்கொண்டது வரைதான் அவளுக்கு நினைவு. "என்னத் தனியா விட்டுட்டுப் போயிட்டீங்களே!" என்று கதறிவிட்டாள். அந்தப் பெரியவர் அவளிடம் நின்று பேசியதுகூட இல்லை.

ஸ்டெல்லாவுக்குப் புரிந்துவிட்டது. "அழுதிருங்கக்கா. அண்ணனுக்கும் சேத்து அழுதிருங்க" என்று முதுகைத் தடவினாள். அழாதே என்று அங்கே யாரும் சொல்லவில்லை. அந்தச் சுகத்தைப் பூங்கொடியால் மறக்கவே முடியவில்லை.

மறுநாள் மகனைப் போனில் கூப்பிட்டாள். "கதிரு, கெளம்பி வாப்பா. அந்தக் குரல நிப்பாட்டிட்டு அப்பாவுக்குத் துக்கம் கொண்டாடணும்."

"என்னம்மா பேசுற? இப்பதான் அப்பாட்ட பேசிட்டு வச்சேன். நல்லாத்தான இருக்காங்க. அவங்கள நம்மளே கொல்லணுங்கியா?"

அவள் போனை வைத்துவிட்டாள். தானே குரலை நிறுத்தவும் அவளுக்குக் கை வரவில்லை. நாலு பேர் வந்து உட்கார்ந்து, அவர் போய்விட்டார் என்று சொன்னாலே போதும் என்று தோன்றியது. வீட்டிலிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளை ஃபிளாட் வாசல் நடையில் வரிசையாகப் போட்டு, ஒன்றில் தானே உட்கார்ந்தாள். எதிர்வீடு பூட்டியிருந்தது. ஸ்டெல்லா அப்பாவின் கல்லறைக்குப் போயிருந்தாள். அவளுக்குப் போக ஓர் இடம் இருந்தது.

லிஃப்ட் திறந்து, மாடிவீட்டு ஜெபராஜ் வெளியே வந்தான். நாற்காலிகளைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"என்னக்கா, வீட்ல விசேஷமா? காலைலகூட அண்ணன் பேசுனாங்க, சொல்லவேயில்ல!"

பூங்கொடி சொல்ல நினைத்தது விசும்பலாக வந்தது. உடனே உள்ளேயிருந்து குரல் கேட்டது: "அழாத பூங்கொடி, நான்தான் இருக்கேனே."

"அண்ணன் இருக்கும்போது என்னக்கா கவலை? வாரேன்ணே!" என்று உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டு ஜெபராஜ் போனான்.

பூங்கொடி கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாற்காலிகளை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைத்தாள்.