கதவில்லாத கால்மிதி

சுவருக்கு முன்னால் ஒரு கால்மிதி கிடந்தது.

முதல் அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூன்றாம் மாடிக்கு வந்து, மூச்சு வாங்க நின்றபோதுதான் வீப்கே அதைக் கவனித்தாள். வலது பக்கம் அவளுடைய புது வீட்டுக் கதவு. இடது பக்கம், மற்ற மாடிகளிலெல்லாம் இன்னொரு கதவு இருக்கும் இடத்தில், இங்கே வெறும் சுவர். புதிதாக வெள்ளை அடித்திருந்தார்கள். பெயின்ட் வாசனை தொண்டையைச் சுரண்டியது. அந்தச் சுவரின் அடியில், தூசு தட்டி நேராகப் போட்ட ஒரு தேங்காய்நார்க் கால்மிதி. யாரோ சற்று முன்புதான் அதில் காலைத் துடைத்துக்கொண்டு சுவருக்குள் போன மாதிரி.

கீழே, அண்ணன் ஹவ்கே ஒவ்வொரு பெட்டியாக வாசலில் வைத்துவிட்டு வேன் வரைக்கும் பின்வாங்கி நின்றான். அவள் வந்து எடுத்துப்போன பிறகுதான் அடுத்ததை வைப்பான்.

"எல்லாத்தையும் சோப்புத் தண்ணி போட்டுத் துடைச்சுட்டு உள்ள எடு, என்ன? உன் நெஞ்சு சும்மாவே விசில் அடிக்கும்."

"சரிங்க டாக்டர்."

"நக்கலா? கீழ் வீட்டு புரூனிங் அம்மாகிட்ட என் நம்பர் குடுத்திருக்கேன். ஏதாச்சும்னா கூப்பிடுவாங்க. இனி நான் இந்தப் பக்கம் வர மாட்டேன்டீ. வந்தா உனக்குத்தான் ஆபத்து."

வீப்கேவுக்குச் சிறு வயதிலிருந்தே ஆஸ்துமா. ஊரெல்லாம் பரவும் இந்தக் கிருமி வந்தால் உன் நுரையீரல் தாங்காது என்று மருத்துவர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். பழைய வீட்டில் கூட இருந்த ஸ்வென்யா மருத்துவமனையில் வேலை பார்த்தாள். கடைசி வாரம் முழுக்க ஸ்வென்யாவின் சாப்பாட்டுத் தட்டை அறைக்கு வெளியே தரையில் வைத்துவிட்டு, அவள் கதவைத் திறப்பதற்குள் ஓடி ஒளிந்தவள் வீப்கேதான். அது போதாதென்று இப்போது வீடே மாறிவிட்டாள். இங்கே யாரும் அவளைத் தொட மாட்டார்கள். சாவிகூடக் கையில் தரப்படவில்லை, பூந்தொட்டிக்கு அடியில் வைக்கப்பட்டிருந்தது.

சாயங்காலம் கதவுக்கு வெளியே செருப்புச் சத்தம் கேட்டுத் திறந்தாள். படிக்கட்டின் திருப்பத்தில், நீலச் சேவல் போட்ட சமையலறைத் துணியில் முகக்கவசம் தைத்துக் கட்டியிருந்த ஒரு அம்மாள் நின்றாள். கதவுக்கு முன்னால் தரையில் ஒரு ரொட்டி, பக்கத்தில் சின்னப் பையில் உப்பு.

"புதுசா குடிவர்றவங்களுக்கு ரொட்டியும் உப்பும் குடுக்காம எப்படி? கிருமி வந்தா மட்டும் வழக்கம் போயிடுமா என்ன? நான்தான் புரூனிங்."

"ரொம்ப நன்றிங்க அம்மா."

புரூனிங் அம்மாள் மேலே ஏறி வந்து அந்தக் கால்மிதியை எடுத்தாள். படிக்கட்டுக் கைப்பிடிக்கு அந்தப் பக்கம் இரண்டு உதறு உதறினாள். திரும்பவும் சுவரடியில் நேராகப் போட்டாள்.

"அது யாரோடதுங்க?"

"அது அங்கதான் கிடக்கும், கண்ணு. நல்ல நார். தூக்கிப் போட மனசு வரல." சேவல் துணிக்கு மேலே அந்தக் கண்கள் அவளை மேலும் கீழும் அளந்தன. "உனக்கு உடம்பு நல்லாத்தானே இருக்கு?"

"நல்லா இருக்கேன்."

"அதான் வேணும். இங்க எல்லாரும் வயசானதுங்க. நாங்க ரொம்ப ஜாக்கிரதை."

இரவுக்குள் எல்லாவற்றையும் துடைத்தாள். பெட்டிகள், கரண்டிகள், கதவுப் பிடிகள், கடைசியில் கைப்பேசியையும். சோப்புத் தண்ணீர் உள்ளே இறங்கி, திரை ஒரு முறை சிமிட்டிவிட்டு அணைந்தது. அரிசிப் பாத்திரத்தில் புதைத்து வைத்தாள்.

மறுநாள் கீழ் வாசலில் அழைப்புமணிப் பலகையில் தன் பெயரை ஒட்டப் போனபோது, பக்கத்துப் பொத்தானில் ஒரு பெயர் இருப்பதைப் பார்த்தாள். ஓல்ட்மன். மூன்றாம் மாடி, இடது. சும்மாதான் அழுத்தினாள். எங்கோ உயரத்தில், தடித்த துணிக்குள் சுற்றிவைத்த மாதிரி, ஒரு மணி ஒலித்தது. நிமிர்ந்து பார்த்தாள். அவள் ஜன்னலுக்குப் பக்கத்து ஜன்னல்களில் ஷட்டர்கள் கடைசி வரை இறங்கியிருந்தன.

படுக்கையறைக்குத் திரும்பியபோது சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் கேட்டது.

சளி இருமல் இல்லை. காய்ந்த, பொறுமையான இருமல். ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் நீண்ட இழுப்பு, கிழிந்த துருத்தி காற்றுக்கு ஏங்குவது போல. அந்த இழுப்பை அவளுக்குத் தெரியும். பிறந்ததிலிருந்து தன் நெஞ்சுக்குள் கேட்டு வளர்ந்த சத்தம் அது. காதைச் சுவரில் வைத்தாள். சுவர் லேசாக வெதுவெதுப்பாக இருந்தது. அந்தப் பக்கமும் யாரோ காதை வைத்ததுபோல், இருமல் சட்டென்று நின்றது.

சனிக்கிழமை மாலை முற்றத்தில் கைத்தட்டல் தொடங்கியது. மருத்துவமனைக்காரர்களுக்காகத் தினமும் ஊரே ஜன்னலுக்கு வந்து தட்டும் நேரம். வீப்கேவும் ஜன்னலைத் திறந்தாள். எதிரும் புதிருமாக நரைத்த தலைகள். ஒரு தாத்தா கரண்டியால் வாணலியைத் தட்டினார். யாரோ கையசைத்தார்கள். ஸ்வென்யாவை நினைத்துக்கொண்டு அவளும் பலமாகத் தட்டினாள். பல நாளுக்குப் பிறகு சிரிப்பு வந்தது. குளிர்காற்று உள்ளே இறங்கியது. பெயின்ட் நெடியும் சேர்ந்துகொண்டது. நெஞ்சு இறுகியது.

இருமினாள்.

கைகள் நின்றன. எல்லாக் கைகளும். ஒரே நேரத்தில்.

"ஆஸ்துமாங்க!" என்று கத்தினாள். "வெறும் ஆஸ்துமா! சின்ன வயசுலேர்ந்தே இருக்கு!"

ஜன்னல்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடிக்கொண்டன. கடைசியாக மூடியது நீலச் சேவல்.

காலையில் துளைபோடும் இயந்திரத்தின் சத்தத்தில் விழித்தாள். ஞாயிற்றுக்கிழமை. இந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை யாரும் ஓர் ஆணிகூட அடிக்க மாட்டார்கள். எந்த மரியாதை கெட்டவன் இது, யாரிடம் புகார் சொல்வது என்று போர்வைக்குள் கிடந்தபடியே வாக்கியங்களைக் கோத்துக்கொண்டிருந்தாள். புகார் நன்றாகவே அமைந்தது. அதற்குள் சத்தம் ஓய்ந்துவிட்டது.

பிறகு பெயின்ட் வாசனை வந்தது.

எழுந்து போய்க் கதவை உள்பக்கமாக இழுத்துத் திறந்தாள்.

படிக்கட்டு இல்லை. பலகை. நிலையிலிருந்து நிலை வரை, தரையிலிருந்து மேல் வரை கனத்த பலகை. அதற்கு அந்தப் பக்கம் ஈரத் தூரிகை மேலும் கீழும் போய்வந்தது. சளப். சளப். அவசரமே இல்லாமல்.

"புரூனிங் அம்மா! என்ன பண்றீங்க? திறங்க!"

"கத்தாத, கண்ணு. கத்தினா கிருமி தெறிக்கும்."

"எனக்கு ஆஸ்துமாங்க! நோய் இல்ல!"

தூரிகை ஒரு நொடி நின்றது.

"ரெனாட்டா ஓல்ட்மனும் அதேதான் சொன்னா."

"என் அண்ணன் வருவான்!"

"போன் பண்ணிட்டேன்மா. பாவம், அழுதான். காய்ச்சல், பேச முடியல, பக்கத்துல வந்துடாதன்னு சொன்னேன். பார்த்துக்குங்கம்மான்னு என்னையே கும்பிட்டான்." சளப். சளப். "கவலைப்படாத. உன் கால்மிதியையும் தினம் உதறிப் போட்டுடறேன்."

குத்தினாள். உதைத்தாள். நாற்காலி உடைந்தது. பலகை அசையவில்லை. அரிசியைக் கிளறிக் கைப்பேசியை எடுத்தாள். இருட்டுத் திரை. இன்ஹேலரை உதறினாள். காலியான சத்தம்.

வெளிச்சம் மங்கியது. முற்றத்தில் ஜன்னல்கள் திறக்கும் ஓசை. ஆட்கள்! ஓடினாள். ஜன்னலைத் திறந்து, இடுப்பு வரை வெளியே சாய்ந்து அலறினாள்.

"காப்பாத்துங்க! என்னை உள்ள வெச்சு அடைச்சுட்டாங்க!"

எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள். வாணலித் தாத்தாவும் பார்த்தார்.

கைகள் உயர்ந்தன.

தட்டத் தொடங்கினார்கள். அவள் கத்தக் கத்த இன்னும் பலமாக. வாணலி அதிர்ந்தது. அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. மூச்சு இழுத்தது. விசில். விசில். ஒரு சொல்லுக்குக்கூடக் காற்று மிஞ்சவில்லை.

தட்டி முடித்தார்கள். ஜன்னல்கள் மூடின.

ஆனால் கைத்தட்டல் நிற்கவில்லை.

அவளுக்குப் பின்னால். படுக்கையறைச் சுவருக்குள். காய்ந்த இரண்டு உள்ளங்கைகள், மிக மெதுவாக, ஒன்றையொன்று தட்டிக்கொண்டிருந்தன.