அதிர்வுண்ணி

கோயம்புத்தூர் பனி அரங்கில் காலை வகுப்புக்கு வரும் பிள்ளைகள் முதலில் எலும்புமானியின் மீது ஏறி நிற்பார்கள். பாதம், முழங்கால், இடுப்பு, முதுகு என்று எல்லா எலும்பையும் ஊடுருவிப் பார்த்துவிட்டு, அன்றைக்கு அந்த உடம்பு எத்தனை தாவல்களைத் தாங்கும் என்று அது சொல்லும். "சாரல், பன்னிரண்டு" என்று குரல் வந்ததும், மகளின் கைப்பட்டையில் அந்த எண் பதிந்துவிட்டதா என்று கார்குழலி எட்டிப் பார்ப்பாள். தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொண்டாயா என்று கேட்பது போல, அங்குள்ள தாய்மார்களுக்கு அது பழகிப்போன விஷயம். வெளியே வெயில் சாலைத் தாரை உருக்கிக்கொண்டிருக்கும். உள்ளே பிள்ளைகள் பனித்தளத்தில் சறுக்கிச் சுழன்றுகொண்டிருப்பார்கள்.

கார்குழலி பம்புகளுக்கு அதிர்வு தாங்கிகள் வடிவமைக்கும் பொறியாளர். சாரலுக்குப் பதினைந்து வயது. அந்த வயதிலேயே மகள் பள்ளிக்கூடப் படிக்கட்டில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்குவாள்.

காரணம் எளிமையானது. காற்றில் நான்கு சுற்றுச் சுற்றி ஒற்றைக் காலில் இறங்கும்போது, உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை அந்தக் காலில் மோதுகிறது. வெறுங்காலாக இருந்தால் கணுக்கால் மடங்கி, அடியில் கொஞ்சத்தை வாங்கிக்கொள்ளும். சறுக்குக் காலணியோ கணுக்காலை மரக்கட்டை போல இறுக்கிப் பிடித்திருக்கிறது. அதனால் அடி அப்படியே முழங்காலுக்கும் இடுப்புக்கும் ஏறிவிடுகிறது.

கார்குழலி காலணியில் கணுக்கால் மடங்க ஒரு கீல் வைத்தாள். குதிகாலுக்கும் அடியிலுள்ள சறுக்குக் கத்திக்கும் நடுவே, அடி விழுந்த கணத்தில் கெட்டியாகி மெல்லத் தளரும் கூழ் ஒன்றை அடைத்தாள். அதற்கு அதிர்வுண்ணி என்று பெயரிட்டாள். முதல் ஜோடியைப் போட்டுக்கொண்டு சாரல் ஏறி நின்றபோது எலும்புமானி, "நாற்பது" என்றது.

கார்குழலிக்குக் கண் கலங்கிவிட்டது. பயிற்சியாளர் எட்வினிடம் ஓடினாள்.

"இனி பயமில்லைங்க மாஸ்டர். அதே பன்னண்டு குதிச்சாலும் மூணுல ஒரு பங்கு அடிகூட ஏறாது."

எட்வின் புரியாமல் பார்த்தார். "நாப்பது தாங்கும்னு மிசினே சொல்லுதுங்க மேடம். பன்னண்டோட எதுக்குங்க நிறுத்தோணும்?"

"அடி குறையோணும்னுதானுங்க செஞ்சேன்."

"குறைஞ்சிருச்சுங்களே! அதனாலதான் கேக்கறேன்."

சாரல் தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள். "கொஞ்சங்கூட வலிக்கலைம்மா. சத்தியமா. மாநிலப் போட்டி வருதுல்ல?"

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் மகள் வலியில்லாமல் சிரித்து வெகுநாளாகியிருந்தது. "பாத்துக் குதி சாமி" என்றாள் கார்குழலி.

ஒரே வருடத்தில் நாட்டின் எல்லா அரங்கங்களிலும் அதிர்வுண்ணி வந்துவிட்டது. எல்லோரும் நான்கு சுற்றுச் சுற்றினார்கள். எனவே நான்கு சுற்றுக்கு மதிப்பில்லாமல் போய், ஐந்து சுற்றுக்கு மட்டுமே கூடுதல் மதிப்பெண் என்று பனிச்சறுக்குச் சம்மேளனம் விதியை மாற்றியது. எலும்புமானியோ நான்கு சுற்றுக் கணக்கையே அறிந்திருந்தது. அதைத் திருத்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அந்த வருட மாநிலப் போட்டியில் வென்ற சில வாரங்களுக்குப் பிறகு, ஒரு பயிற்சியின்போது சாரல் பூ விழுவது போல இறங்கினாள். அழகாக ஒரு வளைவு எடுத்தாள். பிறகு பனியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை.

"கால் வரமாட்டேங்குதும்மா" என்றாள்.

இடுப்பெலும்பில் மயிரிழை விரிசல்கள் பல நாட்களாகவே சேர்ந்து வந்திருக்கின்றன. வலித்திருந்தால் முன்னமே தெரிந்திருக்கும் என்றார் மருத்துவர். அதே வார்டில் இன்னும் நான்கு சறுக்குப் பெண்கள் படுத்திருந்தார்கள். ஒவ்வொரு கட்டிலின் அடியிலும் கார்குழலி வடிவமைத்த காலணி இருந்தது.

அந்த வாரமே சம்மேளனம் கார்குழலிக்குப் பொன்னாடை போர்த்தியது. "ஒரு தாவலுக்கு இத்தனை காயம் என்று கணக்கிட்டால், காயங்கள் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டன" என்று தலைவர் வாசித்தபோது கூட்டம் கைதட்டியது. மொத்தம் எத்தனை தாவல் என்று யாரும் கேட்கவில்லை. மேடையில் நின்றிருந்த கார்குழலியும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து, பொன்னாடையை மடிக்காமலே நாற்காலியில் போட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

அதன் பிறகு அவள் இன்னொரு காலணி செய்தாள். எலும்பு தாங்கும் எல்லையை நெருங்கியதும் பாதத்தில் சுரீரென்று வலி கொடுக்கும் மெல்லிய கம்பி ஒன்று அதில் ஓடியது. கடைக்காரர்கள் சிரித்தார்கள். வலியைக் காசு கொடுத்து யார் வாங்குவார்கள்? அவள் ஒரே ஒரு ஜோடி செய்து மகளிடம் கொடுத்தாள். "இதைப் போட்டாத்தான் மறுபடி பனியில எறங்கலாம்" என்றாள். சாரல் வாங்கிக்கொண்டாள்.

எலும்பு கூடி, மறு வருடம் தேசியப் போட்டி வந்தது. ஒப்பனை அறையில் மகளின் காலணியைக் கட்டக் குனிந்த கார்குழலி, நாக்குப் பட்டைக்குக் கீழே கம்பி இரண்டாக வெட்டப்பட்டிருப்பதைக் கண்டாள்.

"யாரு சாமி இதை வெட்டுனது?"

"நாந்தாம்மா." சாரல் கண்ணாடியில் பொட்டைச் சரிசெய்துகொண்டிருந்தாள். "சுரீர்னுச்சுன்னா மூஞ்சி சுருங்குது. சிரிப்புக்கும் மார்க் இருக்குதுல்ல?"

"அப்ப எலும்பு?"

"அதுக்கு நீ வேற ஏதாவது கண்டுபுடிப்பேன்னு மாஸ்டர் சொன்னாரு."

ஒலிபெருக்கி சாரலின் பெயரைச் சொன்னது. அரங்கம் அதிர்ந்தது. அறைக் கதவுக்கு வெளியே நாலெட்டு தூரத்தில்தான் நடுவர்களின் மேசை இருந்தது; ஒரு வார்த்தை சொன்னால் ஆட்டம் நின்றுவிடும். கார்குழலி அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். சாரல் காலை நீட்டியபடி காத்திருந்தாள்.

கார்குழலி அறுந்த கம்பியை வெளியே தெரியாமல் உள்ளே தள்ளிவிட்டு, கயிற்றை இறுக்கிக் கட்டினாள்.