மூடி போட்டு எடுத்த படம்

தொலைநோக்கியின் வாயை மூடி போட்டு அடைத்துவிட்டு எடுத்த படம் அது. கன்னங்கரேலென்று இருந்திருக்க வேண்டும், வேறு எதுவும் இருக்க வழியில்லை. ஆனால் மடிக்கணினித் திரையின் இடது மூலையில், யாரோ கதவை ஒருக்களித்து வைத்துவிட்டுப் போனதுபோல மஞ்சளாக ஒரு கீற்று விழுந்திருந்தது.

கண்ணாடிக்கடைக்காரர் கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு அதை உற்றுப் பார்த்தார். பகலெல்லாம் ஊரார் மூக்கில் கண்ணாடி மாட்டிவிடுகிற மனிதர். குளிர்காலம் வந்தால் போதும், நெபுலா என்கிற வான்மேகத்தைப் படம் பிடிக்கிறேன் என்று மொட்டைமாடியே கதியாகக் கிடப்பார். ஒவ்வொரு படத்துக்கும் கேமரா ஐந்து நிமிடம் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கும். எல்லாம் முடிந்தபிறகு, அதே குளிரில், மூடியைப் போட்டு வெறும் இருட்டையும் சில படங்கள் எடுக்க வேண்டும். கேமராவின் சொந்தப் புள்ளிகளும் கறைகளும் அதில் தனியாகத் தெரியும். அவற்றைக் கழித்துவிட்டால் வானம் சுத்தமாக மிஞ்சும். அந்த இருட்டுப் படத்தில் வெளிச்சம் விழுந்தால், இந்த வேலையில் ஊறியவர்களுக்கு ஒரே அர்த்தம்தான். எங்கோ ஒழுகுகிறது.

கறுப்புத் துணியை எடுத்துத் தொலைநோக்கியின் குழாயை இறுக்கிச் சுற்றிக் கட்டினார். அடுத்த படத்தைத் தொடங்கினார்.

ஒழுகுவதற்கு இங்கே வெளிச்சம் ஏது என்பது அதற்குப் பிறகுதான் அவருக்கு உறைத்தது. எதிர்வீட்டு விளக்குதான் போன மாதமே அணைந்துவிட்டதே.

சனியன் பிடித்த விளக்கு அது. எதிர்வீட்டு வெளிப்படிக்கட்டின் உச்சியில் விடிய விடிய எரிந்து, அவருடைய வானம் முழுவதையும் வெளுக்க அடித்தது. அந்த மாடியில் தனியாகக் குடியிருந்த டீச்சரிடம் நயமாகக் கேட்டுப் பார்த்தார். கெஞ்சிப் பார்த்தார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டும் பார்த்தார்.

"என் கண்ணு எந்த லட்சணத்துல இருக்குன்னு உங்களுக்குத் தெரியாதா? நீங்கதானே கண்ணாடி போட்டுவிட்டீங்க," என்றார் டீச்சர். "லைட்டு இல்லன்னா படி எது பள்ளம் எதுன்னே எனக்குத் தெரியாதுங்க."

தெரியும். எழுத்துப் பலகைக்கு முன்னால் உட்கார வைத்து அளந்தவருக்குத் தெரியாதா? தெரிந்தேதான் ஒரு சாயங்காலம் பூனைபோல ஏறிப்போய், பல்பைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு வந்தார். ஒரே ஒரு ராத்திரிதானே என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டார். அன்றைக்கு எடுத்த நெபுலாதான் கடைச் சுவரில் சட்டம் போட்டுத் தொங்குகிறது, வருகிறவர்கள் எல்லாம் மெச்சுகிறார்கள். மறுநாள் காலை படிக்கட்டின் அடியிலிருந்து டீச்சரின் உடலைத் தூக்கியவர்களில் இவரும் ஒருவர். பல்பு போயிருக்கிறது பாவம் என்று யாரோ சொன்னார்கள். ஆமாம், பாவம் என்றார் இவரும். கொஞ்சமாவது வாய் கூச வேண்டுமே. வீட்டுக்கு வந்து, டீச்சருக்காக அழுத மனைவியைத் தேற்றவும் செய்தார்.

கணினி கிணுங்கியது. அடுத்த படம் வந்திருந்தது.

கீற்று இப்போது கதவளவு அகன்றிருந்தது. அதற்குள் படிக்கட்டு, உச்சியில் எரியும் விளக்கு, விளக்கின் அடியில் புடவைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு ஓர் உருவம். திரும்பி எதிர்வீட்டைப் பார்த்தார். அங்கே வெறும் இருட்டு. காற்று அசையவில்லை, நாய்கூடக் குரைக்கவில்லை. தொலைநோக்கியின் மோட்டார் மட்டும் முனகிக்கொண்டிருந்தது, எங்கிருந்தோ சூடான பல்பின்மேல் தூசி கருகும் நாற்றம் வந்தது.

மூடியைத் தடவிப் பார்த்தார். இறுக்கமாகத்தான் இருந்தது. கேமராவை நிறுத்த விசையை அழுத்தினார், நிற்கவில்லை. கம்பியைப் பிடுங்கினார். அப்போதும் நிற்கவில்லை.

மூன்றாவது படத்தில் விளக்கு இல்லை. ஆனாலும் எல்லாம் தெரிந்தது. படிக்கட்டு வேறு. பச்சைக் கைப்பிடி, மூலையில் மனைவியின் செருப்பு. இவர் வீட்டின் உள்படிக்கட்டு. அதன் முதல் படியில் டீச்சர் நின்றுகொண்டிருந்தார். நான்காவதில் நடுப்படியில் நின்றார். கண்ணாடியின் கீறல்வரை துல்லியம்.

ஐந்து நிமிடத்துக்குள் நடந்துபோகிறவர்கள் இந்தப் படத்தில் விழமாட்டார்கள், கரைந்துபோவார்கள். ஆடாமல் அசையாமல் நிற்பவர்தான் விழுவார். அப்படியானால் அந்தப் பெண்மணி ஒவ்வொரு படியிலும் நின்று, நிதானமாக, இந்த மாடியையே பார்த்துவிட்டு ஏறுகிறார்.

கீழே கதவு திறக்கும் சத்தம். மனைவி. சூடாக எதையாவது எடுத்துக்கொண்டு வருகிறாள். கேமரா ஓடும்போது படிக்கட்டு விளக்கைப் போடக்கூடாதென்று கத்திக் கத்தி அவளைப் பழக்கி வைத்திருந்தவர் இவர்தான்.

"லைட்டைப் போடு," என்று கத்தினார்.

"போட்டேங்க. எரியல."

"அங்கயே நில்லு. அசையாத. நான் வரேன்."

"ஏங்க, ஏன் பதறுறீங்க?" அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "நீங்கதானே என் கையைப் பிடிச்சிருக்கீங்க?"

அவர் நெற்றியில் மாட்டியிருந்த விளக்கைத் தட்டினார். செத்திருந்தது. கதவை நோக்கி ஓடப் பார்த்தார். கால் எழவில்லை.

இருட்டு. மோட்டார். கருகல் நாற்றம்.

படிக்கட்டில் யாரோ தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். நெடுநேரம் பேசினார்கள்.

கடைசியில் மனைவியின் குரல் மாடிக்கதவுக்கு அருகிலேயே வந்தது. அதில் பயம் இல்லை. அதுதான் அவரை அதிகம் பயமுறுத்தியது.

"டீச்சர் வந்திருக்காங்க. பல்பைத் தளர்த்தினது நீங்கதானாமே. என்கிட்ட நீங்க சொல்லவே இல்லையே."

கணினி கிணுங்கியது.

படிக்கட்டின் உச்சி. இரண்டு பெண்கள், துளி அசைவில்லாமல். இரண்டு முகமும் இவர் பக்கம். மனைவி பின்பக்கமாகச் சாய்ந்து, படியில் குதிகால் மட்டும் பட, உடம்பு முழுக்க வெற்றுவெளியில் நின்றாள். அவள் மணிக்கட்டை டீச்சரின் ஒரே ஒரு கை பிடித்திருந்தது.

டக்கென்று அடுத்த படம் தொடங்கியது.